பின்சீட்டுக்காரர்கள் வந்து சேரும் நேரம்

குற்றாலிங்கம் எந்த இடத்துக்கும் போய்ச் சேராமல் இருந்தது கிடையாது, போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்ததும் கிடையாது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்த அவர், கல்யாண வீட்டில் தாலி கட்டும்போதே பந்தியில் உட்கார்ந்திருப்பார், பந்தியில் பாயசம் வரும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார், காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் ஊசி ஏறி முடிவதற்குள் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்துவிடுவார். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே பிறந்த ஆள் என்று மார்க்கெட்டில் அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள், அதைக் கேட்டு முடிக்கவும் அவருக்கு நேரம் இருக்காது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் முன்பாதி ஒரு நேரத்திலும் பின்பாதி ஒரு நேரத்திலும் போய்ச் சேருகிற கார் வந்து வாய்த்தது.

அது டோட்டல் லாஸ் வண்டி. திருநெல்வேலி பைபாஸ் ஓரத்தில் அருள்தாஸ் என்பவர் வைத்திருந்த பொட்டலில், இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிகள், மூக்கு நசுங்கியதும் முதுகு ஒடிந்ததும் வெள்ளத்தில் ஊறியதுமாக, முள்வேலிக்குள் வரிசையாக நின்றன. அதில் இரண்டு வெள்ளைக் கார்கள், ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஒன்று டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது லாரி வந்து பின்னால் இடித்துப் பின்பாதி அப்பளமாகிப் போனது, இன்னொன்று புளியமரத்தில் மோதி முன்பாதி போனது. அருள்தாஸ் இரண்டையும் இடுப்போடு வெட்டி, நல்ல பாதிகளைச் சேர்த்து வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார், யாராவது மடக்கிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லியும் விடுவார். குற்றாலிங்கம் கேட்டது ஒன்றுதான், என்ன வேகம் போகும் என்று. அவர் மனைவி ஆவுடையம்மாள்தான் வண்டியைச் சுற்றி வந்து, முன்வெள்ளைக்கும் பின்வெள்ளைக்கும் இருந்த மெல்லிய வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, புளியமரத்தில் மோதிய வண்டி எங்கே போய்க்கொண்டிருந்தது என்று விசாரித்தாள்.

"அது தெரியாது மதினி. போய்ச் சேரல, அவ்வளவுதான் தெரியும்" என்றார் அருள்தாஸ்.

முதல் பயணம் சங்கரன்கோவிலுக்கு. மகள் கோமதிக்குக் கல்யாணமாகி வருஷங்கள் போயும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்து வந்து போகிறார், அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று ஆவுடைதான் நச்சரித்துக் கிளப்பினாள். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் குற்றாலிங்கம் வழக்கம்போலத் தான் மட்டும் இறங்கி, அர்ச்சனைத் தட்டு வாங்கி, பேர் நட்சத்திரம் சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பி வந்து பார்த்தால் பின்சீட்டில் அம்மாவும் இல்லை மகளும் இல்லை. தனக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டார்களாக்கும் என்று பிராகாரம் முழுக்கத் தேடிவிட்டு, வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் கழித்து வெளியே வந்தார். அப்போதுதான் காரின் பின்கதவைத் திறந்துகொண்டு இருவரும் இறங்கினார்கள். இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று இவர் கத்த, நாங்கள் எங்கே போனோம், இப்போதுதானே வண்டி நின்றது, அதற்குள் அர்ச்சனையே முடித்துவிட்டீர்களா என்று அவர்கள் கேட்க, தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அது நிஜம்தான், கதவு இப்போதுதான் திறந்தது என்று சாட்சி சொன்னார்கள்.

அருள்தாஸிடம் போன் போட்டுக் கேட்டபோது அவர் அசரவில்லை. வண்டி ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, "டோட்டல் லாஸ் வண்டியில இப்படி ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும் அண்ணாச்சி, பழகிருவிய" என்றார். பழகியும் விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் புளியங்குடிக்கே தெரிந்துபோனது, அந்த வண்டியில் முன்னால் உட்கார்ந்தவர் உடனே போய்ச் சேருவார், பின்னால் உட்கார்ந்தவர் கொஞ்சம் பொறுத்து வருவார், நடுவில் வண்டி எங்கே நகர்ந்தாலும் அது நிற்கிற இடத்தில் இறங்குவார், பின்னால் இருப்பவருக்குக் கதவை அடைத்ததும் திறந்ததும்தான் நினைவிருக்கும், ரோட்டின் குண்டும் குழியும் தெரியாது, பசி தெரியாது, போன நேரம் தெரியாது என்று.

ஊர் என்றால் சும்மாவா. மல்லிகைக்காரர்கள் முதலில் வந்தார்கள், பின்சீட்டில் வைத்த பூ அரும்பாகவே இறங்குகிறது என்று. மீன் வந்தது, பால் வந்தது, கல்யாண வீட்டு இட்லிப் பானை வந்து ஆவி பறக்க இறங்கியது. அப்புறம் மனுஷர்கள் வந்தார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று காலையில் இருப்புக்கொள்ளவில்லை என்று ஒரு பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றி மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அவள் இறங்கும்போது பாஸா பெயிலா தெரிந்திருக்கும். அண்ணனுக்கு ஆபரேஷன் நடக்கும்போது தியேட்டர் வாசலில் நிற்க நெஞ்சு இல்லாத தம்பி ஏறினான், பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நின்றவர் ஓட்டு எண்ணுகிற நேரத்தைப் பின்சீட்டில் கழித்தார், சம்பந்தி வீட்டுப் பேச்சு சூடாகிறபோது மாமியாரை நைசாக ஏற்றிவிடுகிற மருமகள்களும் இருந்தார்கள். ஜோசியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ராகு காலத்துக்கு ஏறின நேரம்தான் கணக்கு என்று ஒருவரும் இறங்கின நேரம்தான் கணக்கு என்று மற்றவரும் அடித்துப் பேசினார்கள், ஜனங்கள் தங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொண்டார்கள். நாளாக நாளாகப் புளியங்குடியில் யாருக்குமே காத்துக்கிடக்கிற பழக்கம் விட்டுப்போய், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஜனங்கள்கூட வெடுக்வெடுக்கென்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், ரேஷன் கடை வரிசையில் கைகலப்பு வந்தது, ஊரே குற்றாலிங்கம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் தாமதம் வளர்ந்ததை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிலை போடுகிற நேரமாக இருந்தது உலை கொதிக்கிற நேரமானது, உலை கொதிக்கிற நேரம் ஒரு சினிமாப் பட நேரமானது. குற்றாலிங்கத்துக்கு இதனால் பாதகம் இல்லை, ஏனென்றால் அவர் எப்போதும் முன்னால்தான். கேரளா லாரி கிளம்புவதற்குள் எலுமிச்சை போய்ச் சேர வேண்டும், பின்சீட்டில் போட்டால் பழம் வாடாமல் வரும், ஆனால் லாரி போன பிறகு வரும். அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றி வீட்டு மச்சில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சை மூட்டைகளை அடுக்கினார். மூட்டைகள் முன்னால் போயின, பெண்டாட்டி பிள்ளை பின்னால் வந்தார்கள்.

ஆவுடை இறங்குகிற இடத்தில் எல்லாம் காரியம் முடிந்திருக்கும். கல்யாண வீட்டில் சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், வளைகாப்பு வீட்டில் வளையல் தீர்ந்திருக்கும், எல்லோரும் அவளைப் பார்த்து வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு மீந்துபோனதைச் சூடு பண்ணுவார்கள். அதெல்லாம் பரவாயில்லை. அவளுடைய அம்மா சுரண்டையில் தவறிப்போன அன்றைக்கு, செய்தி கேட்ட கையோடு குற்றாலிங்கம் வண்டியை எடுத்து, பறந்து போய்ச் சேர்ந்து, மருமகன் முறைக்கு மாலையும் போட்டுவிட்டார். மகள் வரட்டும் என்று சொந்தக்காரர்கள் முடிந்த மட்டும் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள், பிறகு வெயில் ஏறுகிறது என்று தூக்கிவிட்டார்கள். ஆவுடை கதவைத் திறந்து இறங்கியபோது வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, அந்த ஈரத்தில் நின்றபடியே புருஷனைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"நான் எப்படி வாறேன்னு நீங்க ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கியளா?"

குற்றாலிங்கத்துக்கு அன்று நெஞ்சில் சுருக்கென்று இருந்ததென்னவோ உண்மை. ஊருக்குத் திரும்பியதும் மச்சில் கிடந்த முன்சீட்டைத் திரும்ப மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தார், மறுநாள் லோடு இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. இப்படித்தான் நல்ல எண்ணமெல்லாம் மச்சுக்குப் போகிறது.

அந்த வருஷம் அம்மன் கண் திறந்தாள், கோமதி உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிவந்தார்கள், ஆவுடை மகளைத் தரையில் விடாமல் தாங்கினாள். தென்காசியில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, பிள்ளை தலை திரும்பவில்லை, வலி கண்டதும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை என்று கறாராகச் சொல்லியிருந்தார். குற்றாலிங்கம் வண்டிக்கு டீசல் நிரப்பி, வாசலைப் பார்க்க நிறுத்தி, சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தார்.

வலி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கண்டது, ராகு காலம் ஆரம்பிக்கப் போகிற நேரம் பார்த்து. இருந்து போனால் பிள்ளை கிடைக்காது, கிளம்பினால் ராகு காலத்தில் ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டும் என்று வீடே கையைப் பிசைந்தபோது, தெருப் பெண்கள் வழி சொன்னார்கள். இப்போதே பின்சீட்டில் ஏற்றிவிடுங்கள், ஏறினது நல்ல நேரம், இறங்கும்போது ராகு காலம் தாண்டியிருக்கும், அதுவரைக்கும் கோமதிக்கு வலியும் தெரியாது, ரோட்டில் குலுங்குகிற பாடும் இல்லை என்றார்கள். இரண்டு கட்சி ஜோசியருக்கும் பொருந்துகிற யோசனை, வாழ்நாளில் ஒரே தடவை இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். குற்றாலிங்கத்துக்கும் கச்சிதமாகத்தான் பட்டது. ஆவுடை மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாங்க. ஒரு ஆட்டோ பிடிங்க, மெதுவாப் போவோம்" என்றாள்.

ஆட்டோ தென்காசி போய்ச் சேர்ந்த மாதிரித்தான் என்று அவர் பல்லைக் கடித்தார். கோமதி அந்த நேரம் பார்த்து அம்மா என்று இடுப்பைப் பிடித்துக் குனிந்தாள். ஆவுடை மகளைப் பின்சீட்டில் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே கதவை இழுத்து அடைத்தாள்.

தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் அவர் வந்து நின்றபோது பின்சீட்டு காலியாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து, பேஷண்ட் எங்கே என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றார். டாக்டரம்மாவும் இறங்கி வந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஓ அந்த வண்டியா, சரி, ஸ்ட்ரெச்சர் இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தியேட்டரைத் தயார் பண்ணப் போனார். ராகு காலம் தாண்டியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஸ்ட்ரெச்சர் விரிப்பில் வெயில் வந்து விழுந்து, நகர்ந்து, போயும் விட்டது, கதவு திறக்கவில்லை. இதுவரைக்கும் அந்த வண்டியில் அரை நாளுக்கு மேல் யாரும் பிந்தியதில்லை.

ராத்திரியும் போய் மறுநாள் விடிந்தபோது புளியங்குடியில் பாதி ஜனம் வேன் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வளாகத்தில் உட்கார்ந்திருந்தது. காத்திருக்க மறந்துபோன ஜனம், பாவம், உட்காரத் தெரியாமல் எழுந்து எழுந்து வண்டியைச் சுற்றியது. ஒருத்தி பின்கண்ணாடியில் காதை வைத்து, முனகுகிற சத்தம் கேட்கிறது என்றாள், அடுத்தவள் வைத்துப் பார்த்து, இல்லை என்றாள். அருள்தாஸை வரவழைத்து, ஒட்டின இடத்தில் வெட்டிப் பிரித்துவிடு என்றார்கள். வெட்டினால் பின்பாதி யாருக்காக இங்கே வரும், அது தன் வழியில் போய்விடும் என்று அவர் மாட்டேன் என்றுவிட்டார். துபாயிலிருந்து மாப்பிள்ளை அழைத்து அழைத்துக் கேட்டதற்கு, இதோ வந்துவிட்டார்கள் மாப்பிள்ளை, வழியில் இருக்கிறார்கள் என்றே குற்றாலிங்கம் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் முறையாக அவருக்குப் போவதற்கு இடம் இல்லாமல் போயிற்று. மகள் போய்விட்டாளோ, பேரப்பிள்ளை வயிற்றோடு போய்விட்டதோ, ஆவுடையை நானே கதவை அடைக்கவிட்டு அனுப்பிவிட்டேனோ என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அழுகை வந்தது, அதையும் நடந்துகொண்டே அழுதார்.

மார்க்கெட் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பீர்முகம்மது, அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிற சிநேகிதர், அவரைத் தோளைப் பிடித்து ஆஸ்பத்திரிப் படியில் உட்காரவைத்தார். அப்போது ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. வந்த வேகத்தில் அது வாசலுக்கு நேராக வரவில்லை, முற்றத்தில் அரைவட்டம் அடித்துத் திரும்பி, பின்பக்கத்தை வாசலுக்குக் காட்டி ரிவர்ஸில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து உள்ளே இருந்த கிழவரை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் டிரைவர் தன் கதவைத் திறந்துகொண்டு, வண்டியின் முன்பக்கத்திலிருந்து சுற்றி வாசலுக்கு நடந்து வந்தார்.

குற்றாலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியை விட்டு எழுந்தார். முன்னால் போகிறது முதலில் சேருகிறது, அவ்வளவுதானே சங்கதி. பின்பாதியை முன்னால் விட்டு ஓட்டினால் பின்பாதிதானே முதலில் சேர வேண்டும். ஏறின இடத்திலிருந்துதான் கூட்டிவர வேண்டும், வீட்டு வாசலுக்குப் போய் அங்கிருந்து ரிவர்ஸில் வருகிறேன் என்றார். இன்னொரு தடவை நேராக ஓட்டினால் அவர்கள் இன்னும் பிந்திவிட மாட்டார்களா என்று யாரோ பயந்தார்கள். ஆள் இருந்தால்தானே பிந்துவதற்கு, காலி சீட்டுக்கு ஏது தாமதம் என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைப் போட்டார். பீர்முகம்மது ஓடிவந்து ஜன்னலில் கையை வைத்தார்.

"அவங்க முன்னால வந்துருவாங்க, சரி. முன்னால இருக்க நீரு எப்ப வே வந்து சேருவீரு? நேத்துல இருந்து அவங்களே வரல."

"வாறப்ப வாறேன்" என்றார் குற்றாலிங்கம்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து பீர்முகம்மது கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டார்.

புளியங்குடியில் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, இடது கையைப் பின்னால் நீட்டிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முறுக்கித் திரும்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் கூடவே வந்திருந்த பீர்முகம்மது முன்னால், அதாவது பின்னால், ஹாரன் அடித்து வழிவிலக்கிக்கொண்டு போனார். மார்க்கெட் ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, எலுமிச்சை வண்டிகள் ஓரம் கட்ட, வெள்ளைக் கார் முதுகைக் காட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறியது. ரிவர்ஸ் கியரில் எந்த வண்டியும் பறக்காது, அது அலறிக்கொண்டே நடக்கும். சைக்கிளில் போகிறவர்கள் கடந்து போனார்கள், ஆடுகள் கடந்து போயின, சொக்கம்பட்டி தாண்டுவதற்குள் அவருக்குக் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. முன்னால் பார்க்க அவருக்கு ஆசையாகக்கூட இல்லை, பின்கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த அந்தக் காலிச் சீட்டைத்தான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையநல்லூரில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, எங்கே போகிறீர் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றார். ஆஸ்பத்திரிக்கு ஏன் ஐயா ரிவர்ஸில் என்றதற்கு, "முன்னால போனா இவங்க வரமாட்டேங்காங்க சார்" என்று சீட்டைக் காட்டினார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். சீட்டு மெத்தையில், ஆள் உட்கார்ந்த மாதிரி ஒரு பள்ளமும், அதை ஒட்டி நீளமாக, ஆள் படுத்த மாதிரி இன்னொரு பள்ளமும் விழுந்திருந்தன. அவர் விசில் ஊதி எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார்.

அங்கிருந்து மஞ்சள் வாசனை வந்தது. அப்புறம் தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசனை. இடைகால் தாண்டும்போது கோமதி மூச்சை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது, பிறகு அவள் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது, ஆவுடையின் வளையல் போட்ட கை, மகள் நகம் பதியப் பதிய இறுக்கிய கை. தென்காசிக்குள் நுழையும்போது ஆவுடை முழுசாகத் தெரிந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, மற்றொரு கையால் கதவின் மேலே உள்ள பிடியைப் பிடித்துக்கொண்டு, நேராக அவர் உட்கார்ந்திருந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் வரும்போது அவள் எப்படி இருப்பாள் என்று அவருக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துக்கொண்டு வந்தது தன் பிடரியை மட்டும்தான் என்று அப்போது அவருக்கு உறைத்தது, அவ்வளவு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், என்ன, நம்மைப் பார்த்துக்கொண்டு வருகிறாரே என்று புருவத்தைச் சுருக்கினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது, நர்ஸ் நின்றாள், ஊர் நின்றது. வண்டியின் முதுகு வாசற்படியை முட்டுகிற மாதிரி வந்து நின்றது. ஆவுடை கைப்பிடியில் கையை வைத்தாள். குற்றாலிங்கம் பிரேக்கை மிதித்து, ஆவுடை, இறங்கு, டாக்டரைக் கூப்பிடு, என்று சொல்ல வாயெடுத்தார்.

அவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறந்தது.

திறந்தது ஒரு சிறுமி. பள்ளிக்கூடச் சீருடையில், ரெட்டைச் சடை போட்டு, தோளில் பையோடு, அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி இல்லை. அவருடைய தெருதான் இருந்தது, எதிர்வீடு மாடி எடுத்துக் கட்டியிருந்தது, வண்டிக்கு மேலே மழை படாமல் தகரக் கூரை போட்டிருந்தது, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து நடு வளைந்துபோன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. சிறுமி வீட்டுப் பக்கம் திரும்பி, கத்தாமல், ஸ்கூல் வேன் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆச்சி, தாத்தா வந்துட்டாவ."

உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஓடி வரவில்லை, வாசலில் ஒரு நிமிஷம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வண்டிக்குள் இருப்பவரைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். குற்றாலிங்கத்துக்கு இன்னும் பிரேக்கிலிருந்து கால் எடுபடவில்லை, கழுத்து இன்னும் பின்பக்கம் திரும்பியபடியே வலித்தது.

"ஆவுடை, கோமதி எங்க? டாக்டர் வந்தாச்சா?" என்று பதறினார்.

ஆவுடை கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தை, அந்த அவசரத்தை, துடைக்கப்படாத கண்ணீரை, அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டையை, அவசரப்படாமல் பார்த்தாள்.

"வந்தாச்சு. எல்லாரும் வந்தாச்சு" என்றாள். "நீங்கதான் பாக்கி."